களத்தில் நிற்கும் ஆசான்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தின் மைதானங்களிலும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இளைஞர்க்கு ஓட்டமும் தாண்டலும் எறிதலும் பளுதூக்கலும் பயிற்றுவிக்கும் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு, ஊர் உறங்கிக்கொண்டிருக்கையில், விசிலும் நிறுத்துக் கடிகாரமுமாக மைதானத்துக்கு வந்து சேருகிறவர்கள் நீங்கள். வெறுங்காலோடு ஓட வந்த சிறுமிக்குத் தம் சம்பளத்திலிருந்து ஸ்பைக்ஸ் காலணி வாங்கிக் கொடுத்தவர்களும், வெளியூர்ப் பந்தயத்துக்குப் புறப்படும் பிள்ளைகளின் ரயில் கட்டணத்தோடு சாப்பாட்டுச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டவர்களும் உங்களுள் பலர் உண்டு என்பதை நான் அறிவேன். ஆகையால் இம்மடலைக் குற்றப் பத்திரிகையாக எண்ணிவிடாமல், உங்கள் தொழிலின் கௌரவத்தில் அக்கறை கொண்ட ஒருவன் உங்களிடம் வைக்கும் விண்ணப்பமாகவே கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஊக்கமருந்தைப் பற்றி நம் நாட்டில் எழுதப்படுபவையும் பேசப்படுபவையும் பெரும்பாலும் வீரர்களையே முன்னிறுத்துகின்றன. அகப்பட்டவன் பெயர் பத்திரிகையில் வருகிறது. அவன் பதக்கம் பறிபோகிறது. அவன் ஊரார் அவனைப் பற்றிக் கிசுகிசுக்கிறார்கள். நாலாண்டு கழிந்து அவன் திரும்பி வரும்போது அவனுடைய இளமையின் சாரம் கழிந்து போயிருக்கிறது. ஆனால், பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் தடைசெய்யப்பட்ட ஒரு மருந்தின் பெயரைத் தானாகவே அறிந்து, அது கிடைக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அளவையும் இடைவெளியையும் கணக்கிட்டு, பந்தயத்துக்கு எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்பதையும் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டான் என்று நம்புவது எளிதன்று. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் வயதில் மூத்த ஒருவர் அவனுக்கு அதைக் கொடுத்திருக்கிறார்; அல்லது அவன் உட்கொள்வதைக் கண்டும் காணாதவராக இருந்திருக்கிறார். களத்தில் ஒழுக்கம் நிலைக்குமா நிலைக்காதா என்பது பரிசோதனைச் சாலையில் தீர்மானமாவதற்கு நெடுநாள் முன்னரே, நீங்கள் ஒரு மாணவனோடு தனித்து நிற்கும் அந்த அந்தரங்கமான வேளையில் தீர்மானமாகிவிடுகிறது என்பதே நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம்.

2023 செப்டம்பரில் டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் நடந்த டெல்லி மாநிலத் தடகளப் போட்டிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடைசி நாளன்று தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையாகிய நாடாவின் அதிகாரிகள் மைதானத்துக்குள் நுழைந்தார்கள் என்ற செய்தி பரவியவுடன், ஆடவர் நூறு மீட்டர் இறுதிப் பந்தயத்துக்குத் தகுதி பெற்றிருந்த எண்மருள் எழுவர் தசைப்பிடிப்பு என்றும் உடல்நோவு என்றும் காரணம் கூறி விலகிக்கொள்ள, ஒரே ஒருவர் மாத்திரம் தன்னந்தனியே அந்தத் தூரத்தை ஓடி முடித்தார். இளையோர் பிரிவில் தடைதாண்டும் நெடுந்தூர ஓட்டத்தில் பங்கேற்ற ஒரு பெண், எல்லைக் கோட்டைக் கடந்த பின்னும் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தாள் என்றும், மாதிரி எடுக்க வந்த அதிகாரி அவள் பின்னே ஓட நேர்ந்தது என்றும் செய்திகள் வந்தன. மைதானத்துக் கழிப்பறையில் பயன்படுத்தி எறியப்பட்ட ஊசிகள் கிடந்த காட்சியை நாடு முழுவதும் கண்டது. இளம் பெண்ணொருத்தி பந்தயத்தை முடித்த களிப்பிலே தன் ஆசிரியரைத் தேடி ஓட வேண்டிய அந்த நேரத்தில் அதிகாரியைக் கண்டு அஞ்சி ஓடினாள் என்றால், அவ்வச்சத்தை அவள் மனத்தில் விதைத்தவர் எவர் என்ற வினாவை எவரும் உரக்கக் கேட்கவில்லை. மாதிரி கொடுக்காமல் நழுவுவதும் மருந்து உட்கொண்டதற்கு ஒப்பான குற்றமே என்பதையும், அதற்கு நாலாண்டுத் தடை உண்டு என்பதையும் அன்று மைதானத்தில் நின்ற பெரியவர்களேனும் அறிந்திருக்க வேண்டும்.

இது டெல்லியோடு முடிந்த சங்கதி என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. அதே 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் சேகரித்துச் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளுள் 213இல் தடைசெய்யப்பட்ட பொருள்கள் காணப்பட்டன என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்கு கூறுகிறது. நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு என்னும் இவ்விகிதம், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகள் நடத்திய நாடுகள் அனைத்திலும் உயர்ந்ததாக இருந்தது. பரிசோதனை பெருகியதால் அகப்படுகிறவர்களும் பெருகினார்கள் என்று சமாதானம் சொல்லுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் நம்மைவிடப் பன்மடங்கு பரிசோதனை நடத்தும் நாடுகளில் விகிதம் நம்முடையதைவிடக் குறைந்திருப்பதை அந்தச் சமாதானம் விளக்கவில்லை.

நம் ஊர்களில் இப்பழக்கம் எந்த வடிவத்தில் நுழைகிறது என்பதை நீங்கள் என்னைக் காட்டிலும் நன்கறிவீர்கள். விஷம் என்ற பெயரோடு அது வருவதில்லை. முதலில் ஜிம்முக்குப் பக்கத்துக் கடையில் வண்ணச் சீட்டு ஒட்டிய டப்பாவில் ஒரு பவுடராக வருகிறது. பிறகு உடல் வலிக்கும் அலுப்புக்கும் என்று ஒரு மாத்திரை. பிறகு தேர்வுப் பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சீனியர் ஒருவனுக்குத் தெரிந்தவர் மூலம் ஓர் ஊசி. பையனோ கூலி வேலை செய்யும் தகப்பனின் மகன். மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருப்பதையும், ரயில்வேயிலும் காவல்துறையிலும் ராணுவத்திலும் ஒரு பதக்கச் சான்றிதழ் உத்தியோகமாக மாறக்கூடும் என்பதையும், அந்த உத்தியோகம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சோறாக மாறும் என்பதையும் அவன் அறிந்தவன். அவன் நேரத்தில் அரை வினாடி குறைந்தால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறும் என்னும் நிலையில், நீங்கள் கையில் வைத்து நீட்டும் எதையும் அவன் என்ன ஏது என்று கேட்காமல் வாங்கி விழுங்குவான். தாய் கொடுக்கும் மருந்தைக்கூட முகம் சுளித்துக் குடிக்கும் வயதில், ஆசான் கொடுப்பதை அவன் பிரசாதம்போல் ஏற்றுக்கொள்கிறான். அந்த விசுவாசத்தை நான் குறை கூறவில்லை. அது இல்லாமல் எந்தக் கலையும் எந்த விளையாட்டும் ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்குச் சென்றதில்லை. அது அத்தனை பெரிய சொத்தாக இருப்பதனால்தான் அதன் துஷ்பிரயோகமும் அத்தனை பெரிய பாதகமாகிறது.

அந்தப் பாதகம் ஒரு தேசத்தின் கொள்கையாகவே ஆனபோது என்ன நிகழ்ந்தது என்பதற்குக் கிழக்கு ஜெர்மனியின் சரித்திரம் சாட்சி. ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது லட்சம் மக்களே கொண்டிருந்த அச்சிறு நாடு 1972 ஒலிம்பிக்கில் 20 தங்கமும், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 40 தங்கமும் வென்று, பதக்கப் பட்டியலில் அமெரிக்காவையே பின்தள்ளியது. 1972இல் நீச்சலில் ஒரு தங்கமும் பெறாத அந்நாட்டுப் பெண்கள், நான்கே ஆண்டுகளுக்குப் பின் பெண்களுக்கான 13 நீச்சல் பந்தயங்களுள் 11இல் முதலிடம் பெற்றார்கள். உலகம் வியந்தது; சிலர் சந்தேகித்தார்கள்; ஆனால் பிரத்தியட்ச ஆதாரம் எவரிடமும் இல்லை. 1974இல் அந்த அரசு, 14.25 என்ற எண்ணைத் தாங்கிய ரகசியத் திட்டம் ஒன்றை வகுத்து, ஓரல் டூரினபால் என்னும் ஸ்டெராய்டு மாத்திரையை விளையாட்டுக் கழகங்களின் வாயிலாக விநியோகித்து வந்தது. மேலிடத்து மருத்துவர்கள் அளவைத் தீர்மானித்தார்கள்; ரகசியப் போலீசார் காவல் நின்றார்கள்; ஆனால் அந்த நீல நிற மாத்திரையைப் பன்னிரண்டும் பதின்மூன்றும் வயதான சிறுமிகளின் உள்ளங்கையில் வைத்தவர்கள் அவர்கள் அன்றாடம் கண்டு வணங்கிய பயிற்சியாளர்களே. விட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிறுமிகளும் நம்பி விழுங்கினார்கள். பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. மொத்தத்தில் சுமார் பத்தாயிரம் வீரர்கள் அத்திட்டத்துக்கு ஆளானார்கள் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

அவர்களுள் ஒருவர் ஹைடி கிரீகர். பெர்லின் கழகத்தில் குண்டெறிதல் பயின்று, பதினாறு வயதளவில் இந்த மாத்திரைகளுக்கு அறியாமலே ஆளாகி, 1986இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஐரோப்பியச் சாம்பியன் பட்டம் பெற்றவர். ஆண்டுக்கணக்கில் செலுத்தப்பட்ட ஆண்மைச் சுரப்பு அவருடைய குரலையும் முகத்தையும் உடற்கட்டையும் மாற்றிவிட்டது. 1997இல் அவர் சிகிச்சை மேற்கொண்டு ஆண்ட்ரியாஸ் என்ற பெயருடன் ஆணாக வாழத் தொடங்கினார். அவ்வாறு வாழ்வதில் அவருக்கு வருத்தமில்லை. தாம் யார் என்பதைத் தாமே சாவதானமாகக் கண்டுகொள்ளும் உரிமையை அந்த மாத்திரைகள் பறித்துவிட்டன என்பதே அவருடைய முறையீடு. வேறு பல பெண்கள் ஈரல் நோயோடும், இருதய நோயோடும், தாய்மைப் பேற்றில் நேர்ந்த துன்பங்களோடும் வாழ்நாளைக் கழிக்கிறார்கள். பெர்லின் சுவர் இடிந்து இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், வெர்னர் ஃபிராங்கே என்னும் விஞ்ஞானியும், முன்னாள் வட்டெறி வீராங்கனையான அவர் மனைவி பிரிகிட்டே பெரெண்டோங்கும், அழிக்கப்படவிருந்த ராணுவ மருத்துவ ஆவணங்களைக் காப்பாற்றி உலகறியச் செய்தார்கள். நியாய ஸ்தலத்திலே கணக்குத் தீர்க்கப்பட்ட விதத்தையும் கேளுங்கள்: 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மான்ஃபிரட் ஏவால்டுக்கு 22 மாதமும், மருத்துவர் மான்ஃபிரட் ஹோப்னருக்கு 18 மாதமும் தண்டனை விதிக்கப்பட்டது, இருவர் தண்டனையும் நிறுத்தி வைக்கப்பட்டதால் ஒருவரும் சிறை செல்லவில்லை. கிரீகர் தமது 1986ஆம் ஆண்டுத் தங்கப் பதக்கத்தை, ஊக்கமருந்தை எதிர்த்துப் போராடுவோருக்கு அளிக்கப்படும் விருதின் அங்கமாக ஆக்கிவிட்டார். அப்பதக்கத்துக்கு அதைவிட மேலான கதி கிடைத்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கிழக்கு ஜெர்மனியில் நிகழ்ந்தது சர்வாதிகாரத்தின் கொடுமை. நம் மைதானத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சர்வாதிகாரம் ஏதுமில்லாத கானடா தேசத்திலும் இதே கதை நடந்தது. 1988 செப்டம்பர் 24 அன்று சியோலில் பென் ஜான்சன் நூறு மீட்டரை 9.79 வினாடியில் ஓடி உலகத்தைத் திகைக்க வைத்ததும், மூன்றே நாளில் ஸ்டானசோலால் என்னும் ஸ்டெராய்டு அவர் சிறுநீரில் காணப்பட்டுப் பதக்கம் பறிக்கப்பட்டதும் பிரசித்தம். அவருடைய பயிற்சியாளரான சார்லி பிரான்ஸிஸ், நீதிபதி டூபின் தலைமையில் 1989இல் நடந்த விசாரணையில் அளித்த சாட்சியமே எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. அவர் முரடரல்லர், தாமே ஒலிம்பிக்கில் ஓடியவர், தம் மாணவனை மகன்போல் நேசித்தவர். உச்சத்தில் நிற்கும் ஓட்டக்காரர்கள் மருந்து உட்கொள்கிறார்கள் என்று அவர் நம்பினார். மருந்தினால் நூறு மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அனுகூலம் கிடைக்கும் என்று கணக்கிட்டார். தம் மாணவனை ஒரு மீட்டர் பின்னால் நிறுத்துவது அநியாயம் என்ற முடிவுக்கு வந்து, 1981இலிருந்தே அவனுக்கு வழிகாட்டினார். "எல்லாரும் செய்கிறார்கள்" என்னும் இந்த வாதம் நம் ஊரில் இன்று மாவட்டப் போட்டி அளவிலேயே கேட்கிறது. அன்று சியோல் இறுதிப் பந்தயத்தில் ஓடிய எண்மருள் பலரும் ஏதேனும் ஒரு காலத்தில் ஊக்கமருந்து விவகாரத்தில் அடிபட்டவர்களே என்பது மெய்யாதலால், அந்த வாதத்துக்கு ஒரு தோற்ற பலமும் உண்டு.

ஆயினும் அதே பந்தயத்தில் கால்வின் ஸ்மித் என்றொருவர் ஓடினார். 1983இல் 9.93 வினாடியில் உலக சாதனை படைத்த அமெரிக்கர், அன்று 9.99 வினாடியில் நான்காவதாக வந்தார்; ஜான்சன் நீக்கப்பட்டபின் வெண்கலம் அவருக்கு வந்தது. அவர் ஓடிய காலம் முழுவதிலும் அதன் பிறகும் அவர்மீது ஒரு களங்கமும் ஒட்டியதில்லை. எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், நாம் கால்வின் ஸ்மித்தைப் போன்ற ஒருவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டே அப்படிச் சொல்லுகிறோம். உங்கள் மைதானத்திலும் அப்படி ஒரு பையனோ பெண்ணோ உண்டு. தங்கம் வெல்லாத காரணத்தினால் அவர்கள் உங்கள் கண்ணில் படாமல் இருக்கலாம்.

பறிகொடுத்தவர்களின் வேதனையை நம் நாட்டவரும் அனுபவித்திருக்கிறார்கள். அஞ்சு பாபி ஜார்ஜ் 2005இல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப் போட்டியில் நீளம் தாண்டுதலில் வெள்ளி பெற்றார். அவரை முந்திய ரஷ்யப் பெண்ணின் பழைய மாதிரி மறுபரிசோதனையில் அகப்பட, 2014இல் அவர் தங்கத்துக்கு உரியவராக்கப்பட்டார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், திருச்சி மாவட்டத்து லால்குடிப் பகுதியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ் ஓடிய கலப்புத் தொடரோட்ட அணி வெள்ளியோடு திரும்பியது. முதலிடம் பெற்ற பஹ்ரைன் அணியில் ஒரு பெண் ஊக்கமருந்தில் அகப்பட்டதால், 2020இல் தங்கம் நம்மவர்க்கு வந்தது. மேடையில் நின்று தேசிய கீதத்தைக் கேட்கும் அந்த ஒரு நிமிஷம் மாத்திரம் திரும்பி வரவில்லை. இந்த நிகழ்ச்சியில் நாம் வாதி, பிறர் பிரதிவாதி என்று எண்ணி நிம்மதி அடையவும் வழியில்லை. அந்த நால்வர் அணியில் ஓடியவர்களுள் ஒருவரே பிற்பாடு வேறொரு பரிசோதனையில் அகப்பட்டு இரண்டாண்டுத் தடைக்கு உள்ளானார்.

இனி, சட்டம் உங்கள் மாணவர்களை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியின்படி, தன் உடலுக்குள் இருக்கும் எந்தப் பொருளுக்கும் வீரனே முழுப் பொறுப்பாளி. வேண்டுமென்று உட்கொண்டானா, அறியாமல் உட்கொண்டானா என்பது தண்டனையின் அளவைப் பற்றிய கேள்வியே. அப்போட்டியில் பெற்ற வெற்றி எப்படியும் போய்விடும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியச் சிறுமி ஆண்ட்ரியா ரடுகான் பதினாறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் தங்கம் வென்றாள். ஜலதோஷத்துக்கென்று அணியின் மருத்துவர் கொடுத்த சாதாரண மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தது. அவள் குற்றமற்றவள் என்பதில் எவருக்கும் பெரிய சந்தேகம் இருக்கவில்லை, ஆனாலும் தங்கம் பறிக்கப்பட்டது, மேல்முறையீடும் தள்ளப்பட்டது. மருத்துவர் அடுத்த இரு ஒலிம்பிக்குகளுக்கு விலக்கப்பட்டார். பெரியவர் ஒருவரின் அஜாக்கிரதைக்குச் சிறுமி செலுத்திய விலையையும் அப்பெரியவர் செலுத்திய விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் நாட்டிலும் 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் பெண்கள் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கம் வென்று தேசத்தையே ஆனந்தக் கண்ணீர் வடிக்கச் செய்த நால்வருள் மூவர், அடுத்த ஆண்டே ஸ்டெராய்டு பரிசோதனையில் அகப்பட்டார்கள். அணிக்குப் பயிற்சியளித்த உக்ரேனியர் சீனத்திலிருந்து வாங்கித் தந்த ஜின்செங் மாத்திரைகளில் கலப்படம் இருந்தது என்பது அவர்கள் வாதம். பயிற்சியாளர் பதவி நீக்கப்பட்டார். இங்கே விதித்த ஓராண்டுத் தடையை, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012இல் இரண்டாண்டாக உயர்த்தியது. கொடுத்தவரை நம்பினோம் என்ற ஒரு வாக்கியம் அந்த மன்றத்தில் போதுமான சமாதானமாக ஏற்கப்படவில்லை.

சட்டத்தின் கடுமை உங்களையும் விட்டுவிடவில்லை என்பதை அநேகர் அறியார். இப்போது வழக்கிலுள்ள விதியில் பதினொரு குற்றங்கள் சொல்லப்பட்டுள்ளன. அவற்றுள் மருந்தைச் செலுத்துதல், செலுத்த முயலுதல், கடத்துதல், உடந்தையாயிருத்தல், மறைத்தல், தடைபெற்ற பயிற்சியாளரோடு தொழில்முறைத் தொடர்பு வைத்தல், புகார் கொடுக்க முன்வருபவரை மிரட்டுதல் ஆகியவை அடங்கும். பதினாறு வயது நிறையாத ஒரு சிறுவனுக்கு ஸ்டெராய்டு போன்ற பொருளைக் கொடுத்தது நிரூபணமானால், கொடுத்த பயிற்சியாளர் ஆயுள் முழுவதும் விளையாட்டிலிருந்து விலக்கப்படுவார். மாதிரிகளைப் பத்தாண்டு வரை பாதுகாத்து மறுபடி சோதிக்கும் ஏற்பாடும் உண்டாதலால், இன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாத மருந்து என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், அவர் இன்றைய நாளைப் பற்றி மாத்திரம் பேசுகிறார் என்று கொள்ளுங்கள்.

ஆயினும் தண்டனைக்கு அஞ்சியே நீங்கள் விலக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளை ஸ்டெராய்டு உரிய காலத்துக்கு முன்பே மூடிவிடுகிறது. அவன் எட்ட வேண்டிய உயரத்தை அவன் எட்டுவதேயில்லை. தேகம் தானாகச் சுரக்கும் சுரப்பை அது அடக்கிவிடுகிறது. இருதயத் தசையைத் தடிக்கச் செய்கிறது, ஈரலைக் கெடுக்கிறது. பெண்ணின் குரல் ஒருமுறை கனத்துவிட்டால் மருந்தை நிறுத்திய பின்னும் பழைய குரல் திரும்பாது. பெற்றோர் உங்களை நம்பி ஒப்படைத்த உடல் அது. அப்பாவி மக்களாகிய அவர்களுக்கு இந்தப் பெயர்களும் இந்த விளைவுகளும் தெரியா. தெரிந்தவர்கள் நீங்கள் மாத்திரமே.

வெற்றியை நாம் அளக்கும் முறையும் மாற வேண்டும். அதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமானை, வென்றவனைக் காட்டிலும் நல்லவன் என்று அந்தக் கரிகாலனை முன்னிலைப்படுத்தியே பாடினார் வெண்ணிக் குயத்தியார். தோற்றவனின் மானத்தை வென்றவனின் கீர்த்திக்கு மேலாக வைத்துப் பேசும் துணிவு ஒரு புலவருக்கு இருந்தது. அதைப் பாடலாகப் போற்றிக் காக்கும் பக்குவம் சமுதாயத்துக்கும் இருந்தது. அந்தப் பரம்பரையில் வந்த நாம், மாவட்டப் போட்டியில் நேர்மையாக ஓடி ஐந்தாவதாக வந்த பெண்ணுக்கு ஒரு வார்த்தை பாராட்டுச் சொல்லாமல், தகுதி மதிப்பெண் பட்டியலை மாத்திரம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறோம். பதக்க எண்ணிக்கையைக் கொண்டே உங்களை மதிப்பிடும் பள்ளி நிர்வாகங்களும் அதிகாரிகளும் இதில் பெரும் பங்கு ஏற்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்கள் திருந்தும்வரை நீங்கள் காத்திருக்க இயலாது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். அதற்குள் உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

கிரேக்க தேசத்து ஒலிம்பியாவில் பண்டைக் காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் 388இல் தெஸ்ஸலி நாட்டு யூபோலஸ் என்னும் குத்துச்சண்டைக்காரன் தன் எதிரிகளுக்கு லஞ்சம் கொடுத்து வென்றது வெளிப்பட்டபோது, குற்றவாளிகளிடம் வசூலித்த அபராதத்தைக் கொண்டு சீயுஸ் தெய்வத்தின் வெண்கலச் சிலைகள் வார்க்கப்பட்டு, மைதானத்துக்குப் போகும் வழியிலே பிரதிஷ்டை செய்யப்பட்டன. போட்டி தொடங்குமுன், வஞ்சனை செய்வதில்லை என்று அதே தெய்வத்தின் சந்நிதியில் வீரர்கள் சத்தியம் செய்தார்கள். அவர்களோடு அவர்களுடைய தகப்பன்மாரும் சகோதரர்களும் பயிற்சியாளர்களும் சத்தியம் செய்தார்கள் என்று யாத்திரிகர் பௌசானியஸ் எழுதி வைத்திருக்கிறார். வஞ்சனை ஒருவன் தனித்துச் செய்வதன்று என்பதை அம்மக்கள் அறிந்திருந்தார்கள். நவீன ஒலிம்பிக்கில் வீரர்களின் பிரமாணம் 1920இலேயே தொடங்கியும், கோடைகால ஒலிம்பிக் ஒன்றில் பயிற்சியாளர்களின் பிரமாணம் ஒலிப்பதற்கு 2012 லண்டன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் பள்ளிப் போட்டிகளின் தொடக்க விழாவில் பிள்ளைகளைக் கொடியின் முன் நிறுத்தி, விதிகளை மதித்து விளையாடுவோம் என்று உறுதிமொழி சொல்லச் சொல்லுகிறோம். பெரியவர்கள் நிழற்பந்தலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த ஆண்டுப் பாரதியார் தினப் போட்டிகளிலும் குடியரசு தினப் போட்டிகளிலும் அந்த வரிசையை மாற்றுங்கள் என்பதே உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள். பிள்ளைகளுக்கு முன்பாக நீங்கள் எழுந்து கொடியருகே நில்லுங்கள். எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத பவுடரையோ மாத்திரையையோ ஊசியையோ எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதில்லை என்றும், நோயுற்ற பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது ஜனவரி தோறும் நடைமுறைக்கு வரும் தடைப்பட்டியலைக் கையோடு கொண்டு செல்வேன் என்றும், பரிசோதனை அதிகாரி வந்தால் என் பிள்ளைகளை நானே அவரிடம் அழைத்துப் போவேன் என்றும், சக பயிற்சியாளர் ஒருவர் தவறு செய்யக் கண்டால் நட்பைக் காரணம் காட்டி வாய் மூடி இருக்க மாட்டேன் என்றும், பெற்றோரும் மாணவரும் கேட்க உரத்த குரலில் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு பிள்ளைகளின் உறுதிமொழியைக் கேளுங்கள்.

இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாம். நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஒரு மாவட்டத்தில் பத்துப் பயிற்சியாளர்கள் கூடித் தீர்மானித்தால் போதும். அந்தப் பத்துப் பேராக முதலில் முன்வருமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.